கேஜ் கதவைச் சாத்து

14.10.97, செவ்வாய்

பெங்களூர் டீமில் சம்பளத்துக்கு ஆடும் கோல்கீப்பர் சேகர், இன்று அம்மாவோடு வந்து என் மகளைப் பெண் கேட்டான். அவளுக்கும் அவன்தான் வேண்டுமாம்.

சுரங்கத்தில் இறக்கும் லிப்ட், அந்தக் கேஜ் திறந்ததும் ஷிப்ட் ஆள் ஏறுகிற மாதிரி அவன் வலைக்குள் பந்து போகும். "கேஜ் கதவச் சாத்துடா!" என்று முதலில் கத்தியவன் நான். இப்போது அவன் இங்கே ஆட வந்தாலே மாரிகுப்பம் கிரவுண்டே கத்துகிறது.

"ஞாயித்துக்கெழம மேட்சுக்கு நீ போவாதப்பா" என்றாள் மகள்.

"வந்துடுங்க மாமா. வரலன்னா, பொண்ணக் கேட்டு உங்க வாய அடச்சிட்டேன்னு என்னத்தான் ஓட்டுவாங்க" என்றான் சேகர்.

போனால் கூட்டாளிகள், "இன்னா மாமனாரே, கத்து" என்பார்கள். கத்தினால் மகள் முகத்தில் முழிக்க முடியாது. சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்பினேன்.

சாமி, ஒரு பந்தும் உள்ளே போகக்கூடாது. அவனுக்காக நான் வேண்டுவது இதுதான் முதல் தடவை.