மழைக்குக் கீழே மின்னல்

நேற்று இவர் பர்மா பஜாரிலிருந்து ஓர் எமர்ஜென்சி விளக்கு வாங்கி வந்தார். அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது பக்கவாட்டில் நீ எழுதிக் காட்டிய சீன எழுத்து. 电 என்று இருந்தது. மேலே மழையைக் காணோம். அச்சுப் பிழையோ என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். பிறகு நீ சொன்னது நினைவு வந்தது. "இப்ப சைனாவுல எய்தறதுக்கு லேட்டாவுதுன்னு மழைய எட்த்துட்டாங்கமே. எங்கப்பாவுக்கு அதுல ரொம்ப கோவம்."

அம்பத்தூரில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம், கீழே உன் பியூட்டி பார்லர். உன் தாத்தா சீனாவிலிருந்து கப்பலில் வந்து பல் கட்டும் தொழில் செய்தவர். நீ இந்த ஊரிலேயே பிறந்தவள். உன் முகத்தைப் பார்த்து இங்கிலீஷில் தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறவர்களிடம், "இன்னாமா வோணும், தமிழ்லயே கேளு" என்பாய். அவர்கள் விழிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்த ஐப்பசி மத்தியானம். இடி மின்னல் என்றால் எனக்குக் கை கால் ஓடாது. வீட்டிலிருந்த பிளக்கையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் ஓடி வந்தேன். கரண்ட் இல்லை, கடையில் ஆளும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு "அர்ஜுனா, அர்ஜுனா" என்றேன்.

"அவரு இன்னா, ஈபி ஆபீஸ்லயா கீறாரு?" என்று சிரித்தாய்.

புருவப் பென்சிலால் காலண்டர் தாளின் பின்புறம் 電 என்று எழுதினாய். மேலே கூரை மாதிரி இருப்பது மழை, அதற்குள் நாலு துளி. கீழே மின்னல். ஆதியில் கீழே இருப்பது மட்டுமே, 申, வானத்தை வளைந்து கிழிக்கும் கோடாக, மின்னலின் படமாக இருந்ததாம். "அப்பால அத்த வேற அர்த்தத்துக்கெல்லாம் எட்த்துக்கினாங்க. மின்னலுக்கு எய்த்து இல்லாம பூட்ச்சி. அதான் மழைய தலைமேல வெச்சி திருப்பிக் குட்த்தாங்க." அதே கோட்டின் பக்கத்தில் பலிபீடக் குறியைச் சேர்த்தால் 神, சாமி. கரண்டுக்கும் இந்த மின்னல் எழுத்துதான். "எங்கப்பா சொன்னது. தப்புன்னா அவருதான் பொறுப்பு."

பயத்தை மறந்து கேட்டேன். "இதுல இடி எங்க?"

"இடிக்கு வேற எய்த்து. இது கண்ணுக்கு மட்டுந்தான்."

சொன்ன நீ சட்டென்று குழந்தையைப் பார்த்தாய். அவன் தரையில் உட்கார்ந்து சீப்பைக் கடித்துக்கொண்டிருந்தான். மின்னியதும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். இடி விழுந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன, நான் துள்ளினேன். அவன் சீப்பைத்தான் கடித்தான். அடுத்த இடிக்கும் அப்படியே. நீ அவன் முதுகுக்குப் பின்னால் போய் எவர்சில்வர் கிண்ணத்தைக் கரண்டியால் அடித்தாய். அவன் திரும்பவில்லை.

"கோச்சிக்காதமே. கொயந்திக்கு காது கேக்கல போலக்கீது. டாக்டராண்ட காட்டு."

நான் விலங்கியல் பட்டதாரி. காதின் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியவள். ஆனால் உன்னிடம் சொன்னது என்ன? "கல்யாணமும் ஆகல, பெத்துப் பாத்ததும் இல்ல. நீ எம்புள்ளயச் சொல்ல வந்துட்டியா?" கொட்டும் மழையிலேயே மாடியேறினேன்.

நாலு மாதம் பின்பக்கப் படியில்தான் இறங்கினேன். வீட்டில் கதவைப் படீரென்று சாத்துவேன், பாத்திரத்தைத் தட்டுவேன். அவன் தற்செயலாகத் திரும்பினால் "கேட்டுடுச்சு" என்று அழுவேன். மாசியில் டாக்டரும் நீ சொன்னதையே சொன்னார். "எப்போ கவனிச்சீங்க?" என்று கேட்டார். "இப்பதான் சார்" என்றேன்.

காது மெஷின் மாட்டிய பிறகு, பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. நான் கூப்பிடாமலே, கடையைப் பூட்டிவிட்டு நீயும் வந்தாய். "தள்ளுண்ணாத்தே, கொயந்த கீது" என்று கூட்டத்தில் வழி பண்ணுவாய். நான் சொன்ன அந்தச் சொல்லை நீ ஒருநாளும் எடுக்கவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பேன். அதற்குள் திருமங்கலம் வந்துவிடும், இறங்கிவிடுவோம். போன வருஷம் மஞ்சள் காமாலை பத்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அன்று நான் பேசியது கொடுமை. எழுதித்தான் சொல்ல முடிகிறது.

அவனுக்கு இப்போது ஆறு வயது. "ம்மா" என்கிறான். நாலு மாதம் முன்பே மாட்டியிருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பானோ என்று நினைக்காத நாளில்லை.

போன வாரம் பூந்தமல்லி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண், மடியில் ஒரு வயதுக் குழந்தை. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். எல்லாரும் முகம் சுளித்தோம். குழந்தை மட்டும் அவள் வளையலைத் திருகிக்கொண்டே இருந்தது. அதன் பின்னாலிருந்து மூன்று முறை கைதட்டிப் பார்த்தேன், திரும்பவில்லை. பிறகு அவளிடம் சொன்னேன்.

"எம்புள்ளயச் செவுடுன்றியா? உன் வேலயப் பாத்துக்கினு போமே!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

நான் நகரவில்லை. என் பையனைப் பார்க்கும் டாக்டரின் பெயரை டிக்கெட்டின் பின்னால் எழுதி அவள் கூடையில் செருகினேன். எடுத்து ஜன்னல் வழியே எறிந்தாள்.

தினமும் அதே பஸ்ஸில் வருகிறவள்தான். திங்கட்கிழமை இன்னொரு டிக்கெட்டில் எழுதிக் கொடுப்பேன்.