படுத்திருந்த பிறை

பிரிக்பீல்ட்ஸ், 13 ஜூலை 1934, வெள்ளி.

ஏழாம் வகுப்பு சரோஜா கண்காட்சிக்கு வரைந்த படத்தைத் தலைமையாசிரியர் இன்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறையைத் தோணி மாதிரி படுக்க வைத்திருக்கிறாளாம். "நிலாவுக்கு என்ன, காய்ச்சலா?" என்று எல்லோர் முன்பும் கேட்டார். லண்டனில் அச்சான பாடப்புத்தகத்தில் பிறை நிமிர்ந்து நிற்கிறது. அதுபோல் திருத்தினால்தான் படம் போகுமாம்.

சரோஜா மெதுவாகச் சொன்னாள்: "சூரியன் இறங்குற பக்கம்தான் சார் வெளிச்சம் விழுது. இங்க சூரியன் நேரா கீழ இறங்குது. அதான் அடிப்பக்கம் மினுங்குது." நான் நடத்திய அறிவியல் பாடத்தில் இது இல்லை. தினமும் வானத்தைப் பார்த்து வரைந்ததில் தானாகத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

கண்காட்சி வேலையால் இருட்டும்வரை பள்ளியில் இருந்தோம். தலைமையாசிரியரை வாசலுக்கு அழைத்துக் காட்டினேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் கூரைக்கு மேல் பிறை மல்லாந்து கிடந்தது. நன்றாகவே பார்த்தார்.

"இருக்கட்டும் மிஸ். வானம் எப்படி வேணா இருக்கும். படம் ஒழுங்கா இருக்கணும்ல?"

மதராசில் பட்டம் வாங்கிய நான் விருட்டென்று திரும்பி நடந்தேன். இப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

உள்ளே வந்தால் சரோஜா பிறையை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றேன்.

"படம் போகணுமே டீச்சர்," என்றாள், தலை நிமிராமல்.

புத்தகத்துப் பிறையை ஒரே கோட்டில், பிசகில்லாமல் வரைந்து முடித்தாள்.