சிறைக்குள் நான்கு வீடுகள்

என் பிரியத்துக்குரிய ஷமீம் அக்கா,

நீங்கள் வரைந்த நான்கு வீடுகளிலும் ஆறு மாதமாக அடுப்பு எரிகிறது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சிறையிலிருந்து வந்த ஒருத்தியைத் தேடி, கட்டடத்துக்கு வரைபடம் போடுகிறவர் வாணியம்பாடியிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு வருவார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து, முகம் வெளுத்துப்போய் வந்தீர்கள். பெண்களுக்குப் புதுச் சிறை கட்டுகிறார்கள், வரைபடம் உங்கள் பொறுப்பு என்றீர்கள். என் குற்றம் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன். புளியமரப் பங்குச் சண்டையில் நான் பிடித்துத் தள்ளியதில் கொழுந்தனார் பாறையில் விழுந்து இறந்துபோனார். கேட்ட பிறகும் நான் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தீர்கள்.

"உள்ள இருந்தப்ப எதும்மா ரொம்பக் கஷ்டம்?"

"வெளிய வந்தப்புறம்தாங்க்கா கஷ்டம்" என்றேன். விடுதலையான அன்று என் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். "இன்னாம்மா நிக்கிற? தொறந்துனு வா" என்றாள் மகள். அத்தனை வருடம் வேறு யாரோ திறந்துவிட்டுப் பழகிய எனக்குக் கை நீளவில்லை. சோறு வைக்கவும் சந்தைக்குப் போகவும்கூட யாராவது உத்தரவு தர வேண்டும் என்று காத்திருந்தேன்.

நீங்கள் உடனே நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தீர்கள். விடுதலைக்கு முந்தைய ஆறு மாதம் பெண்கள் தங்க, சுற்றுச்சுவருக்கு உள்ளேயே சின்னச் சின்ன வீடுகள். அவர்களே சமைக்க வேண்டும். பிள்ளைகள் வந்தால் கம்பிவலை இல்லாமல் மடியில் வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் சாவி அவரவர் கையில்.

அதிகாரிகள் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனீர்கள். "கைதி கையில சாவியா? இன்னாங்க இது?" என்று பெரிய அதிகாரி ஒருவர் சிரித்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் எழுந்தேன்.

"சார், வெளிய வந்தா நாங்க உங்க பக்கத்து வூட்லதான் இருப்போம். எப்படிப்பட்டவளா வரணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் சிரிப்பு நின்றது. "சரி, நாலு வூடு கட்டிப் பாருங்க" என்றார். நீங்கள் பத்து கேட்டிருந்தீர்கள். வெளியே வந்து, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள்.

சுவர் எழும்பும்போது நோய் உங்களைப் படுக்கவைத்தது. ஆஸ்பத்திரியிலும் அதே பேச்சு. "சமையல்கட்டு ஜன்னலச் சின்னதா வெச்சிட்டாங்களாம். போய்ப் பாத்துட்டு வர்றியா?" போனேன் அக்கா. சண்டை போட்டுப் பெரிதாக்க வைத்தேன். திரும்பி வந்து சொல்ல நீங்கள் இல்லை.

இப்போது அனுமதி வாங்கி, வாரம் ஒருநாள் அங்கே போகிறேன். செல்வி என்று ஒரு பெண். முதல் நாள் சாமைச் சோறு அடிபிடித்ததும் பயந்துபோய், "ஜெயிலர் மேடத்துகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். "உன் சோறு, நீயே துன்னு" என்றேன். சிரித்துவிட்டாள். அவள் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லையாம்.

வரும் திங்கட்கிழமை அவளுக்கு விடுதலை. வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டார்களாம். நான் முதல் பஸ்ஸில் மலை இறங்குகிறேன். அழைத்துப்போக ஆள் இல்லாத ஒவ்வொருத்திக்காகவும், உடம்பில் தெம்பு இருக்கும்வரை, அந்தச் சிறை வாசலில் நான் நிற்பேன் அக்கா.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
மல்லிகா,
ஜமுனாமரத்தூர்