வெள்ளைப் பாப்பா கல்லறை

லிந்துலை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தனுஷிகா அப்பாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அத்தை இப்போதுதான் தூங்கினார். போனில் பேசினால் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். தனுஷிகாவுக்குச் சளி. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் நம் தம்பிப் பாப்பா போன பிறகு எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். அவள் நெஞ்சில் காதை வைத்து வைத்துப் பார்க்கிறேன்.

இன்று ஒரு விஷயம் நடந்தது. அஞ்சாம் நம்பர் மலையில் வெள்ளைப் பாப்பா கல்லறை இருக்கிறதே, அதைத் தேடி இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அந்தக் காலத்துத் துரையின் பிள்ளையாம் அது. இவர் அந்தப் பிள்ளையுடைய அக்கா வழியில் வந்தவர். அவர் பேசுவது யாருக்கும் புரியாமல், தோட்டத்தில் வேலை மேற்பார்க்கிற நம் கண்டாக்கையா பாலர் பாடசாலைக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், உங்க காலேஜ் இங்கிலீச இன்னைக்காவது வெளிய எடுங்க" என்று கிண்டல் வேறு. அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அத்தை சொல்லி வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். கண்டாக்கையா கூப்பிட்டதைச் சாக்காக வைத்துப் போனேன்.

அந்தக் கல்லறையைச் சுற்றித் தேயிலை வைக்காமல் விட்ட துண்டில்தானே நம் ஆட்கள் கைக்குழந்தைகளைப் புதைக்கிறார்கள், அங்கே மட்டும் யாரும் தோண்ட மாட்டார்கள் என்று. நம் பிள்ளையையும் அங்கேதான் வைத்தார்கள். ஆப்பரேஷன் மயக்கம் தெளிந்து நான் கண் திறப்பதற்குள் அத்தையும் உங்கள் தம்பி நிரோஷனும் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. எது அவனுடைய இடம் என்று தெரியாமல் சின்னச் சின்னக் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதெல்லாம் என்ன என்று வந்தவர் கேட்டார். பிள்ளைகள் என்றேன்.

அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. பிள்ளை செத்ததும் பங்களாவில் கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடிகளைத் துணி போட்டு மூடிவிட்டார்களாம். துரைசாணி வருஷம் முழுக்கக் கறுப்பைத் தவிர வேறு உடுத்தவில்லையாம். எழுதுகிற கடுதாசிக்குக்கூடக் கறுப்புக் கரையாம். வீட்டில் வந்து சொன்னேன். "கடிகாரத்த நிப்பாட்டிட்டா காலையில வேலைக்குப் பேரு கொடுக்கப் பெரட்டுக்கு யாரு போறது? நம்மள மட்டும் தப்புக் கொட்டியில்ல எழுப்பியிருப்பானுங்க" என்று அத்தை சிரித்தார். அந்த மனுஷி சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

ஒன்றை மட்டும் அத்தையிடம் சொல்லவில்லை. அடக்கத்துக்குத் துரைசாணியும் போகவில்லையாம். பொம்பளைகள் தாங்கமாட்டார்கள் என்று ஆண்களே தூக்கிப் போனார்களாம். ஆனால் அதற்கு முன்னால் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, அவள் மடியில் வைத்து ஒரு போட்டோ எடுத்திருக்கிறார்கள். வந்தவர் அதைப் போனில் காட்டினார். தூங்குகிற மாதிரி இருக்கிறது. நெற்றியில் கொஞ்சம் முடி. அதிலும் ஒரு கற்றையை வெட்டிக் கண்ணாடி பதித்த புரூச்சுக்குள் வைத்து மார்பில் குத்திக்கொண்டிருந்தாளாம். எனக்கு அருவருப்பாக இல்லை. கொடுத்துவைத்தவள் என்றுதான் தோன்றியது.

நம் பிள்ளையின் அடக்கத்தின்போது நிரோஷன் வீடியோ கோலில் உங்களுக்குக் காட்டினாராம். கட்டாரில் இருந்த நீங்கள் பார்த்தீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நான் பார்க்கவில்லை. "அண்ணன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்காரும்மா, அண்ணிக்குத் தெரிய வேணாம்" என்று அவர் அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. செத்த பிள்ளை முகத்தைத் தாய் பார்த்தால் அடுத்தது தங்காது என்பது அத்தையின் நம்பிக்கை. எனக்காகத்தான் மறைத்தீர்கள். கோபமில்லை.

ஆனால் அவனுக்கு முடி இருந்ததா? உங்கள் மாதிரி விரிந்த காதா? மூக்கு யாருடையது? தம்பி எப்படி இருப்பான் என்று தனுஷிகா கேட்கிறாள், என்ன சொல்வது? எந்தக் காலத்திலோ எவளோ பெற்ற பிள்ளையின் முகம் எனக்கு இப்போது தெரியும். நான் பெற்றவன் முகம் தெரியாது.

அந்தப் படத்தை அனுப்புங்கள். அழுவேன்தான். அழுதாலும் விடிந்ததும் எழுந்து தனுஷிகாவுக்கு ரொட்டி சுடுவேன், பயப்படாதீர்கள். வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்க வேண்டாம். முருகன் உங்கள் கூடவே இருக்கட்டும்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
கிருஷாந்தி