போர்டில் எழுதிய நம் பெயர்

பொம்மசந்திரா,
8.6.2003

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். தோள்வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். இங்கே சாம்பார்தான் இனிக்கிறது.

பயப்படாமல் படியுங்கள், சின்ன விஷயம்தான். கால்சென்டர் பயிற்சியில் மமதா மேடம் ‘பரையா’ என்று ஓர் இங்கிலீஷ் வார்த்தையைப் போர்டில் எழுதினார். எல்லோரும் ஒதுக்கி வைத்த ஆள் என்று அர்த்தமாம். பறையர் என்ற நம் பெயரைத்தான் வெள்ளைக்காரன் கொண்டுபோய் அப்படி ஆக்கியிருக்கிறான். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். நான் எழுந்து, “எங்க அப்பா ஒரு பரையா. அவர் பறையை எடுத்தா ஊர்ல ஒருத்தர் காலும் சும்மா இருக்காது” என்றேன்.

“தப்பும்மா, அது நெகட்டிவ் வேர்டு.”

“வேர்டு எங்களுது மேடம். மீனிங்தான் எவனோ போட்டது.”

மன்னிப்புக் கேட்டால்தான் பயிற்சி முடிந்ததும் வேலையாம். கேட்க மாட்டேன். வேறு கம்பெனி இல்லாமலா போய்விடும்?

கொஞ்சம் பூண்டு ஊறுகாய் அனுப்புங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேலத்தெரு டீக்கடை ஃபோனுக்குக் கூப்பிடுவேன். வரும்போது பறையையும் எடுத்து வாருங்கள். கடை வாசலிலேயே தோலைக் காய்ச்சி அடியுங்கள். மேலத்தெருக்காரர்களும் கேட்கட்டும், எனக்கும் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

பறைக்காரர் மகள்,
தமயந்தி