முகமூடிக்காரர்கள் அறுக்காத ஒயர்

என் அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. வீட்டில் நானும் உன் அத்தையும் உன் மகள் பாப்பாவும் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். கப்பலில் நீயும் சுகமா, கடல் உன்னை அதிகம் படுத்தாமல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை. இது யார் கையெழுத்து என்று திருப்பித் திருப்பிப் பார்க்காதே, என்னுடையதுதான். கம்பவுண்டர் மாலையில் நடத்தும் முதியோர் வகுப்புக்குப் போகிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா, நீ கூட சிரித்தாய், உன் அத்தை "அது டீ குடிக்கப் போற வகுப்பு, அவருக்கு எழுத்து வந்தா எனக்கு றெக்கை முளைக்கும்" என்றாள். இப்போது அவளே தையல் மெஷினை நிறுத்திவிட்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள், "அண்ணே, என்னைப் பத்தி என்ன எழுதற?" என்கிறாள், நான் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த தெருவில் இருக்கும் உங்கள் கப்பல் சமையல்காரர் விடுமுறை முடிந்து நாளை விமானம் ஏறுகிறார், கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்குள் உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதனால்தான் இன்றைக்கே முடிக்க வேண்டும். ஒரு பத்தி எழுதினால் விரல் மரத்துப் போகிறது, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருகிறேன்.

எழுத்து தெரிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இத்தனை வருஷம் விரிப்பு மடித்தேன், ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் வார்டு பெயர் தைத்திருக்கும், நான் நூலின் நிறத்தைப் பார்த்துத்தான் பிரித்து அடுக்குவேன். போன வாரம் மாத்திரை வாங்க அங்கே போனபோது காய்கிற விரிப்பில் இருந்ததை நின்று படித்தேன், "பிரசவ வார்டு" என்று இருந்தது, நீ பிறந்த வார்டு, பச்சை நூல். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன், காவலாளி "என்ன பெரியவரே, துணி திருடவா?" என்று கேட்டான். இப்போது பஸ் பலகை படிக்கிறேன், கடைப் பலகை படிக்கிறேன், நம் கட்டடத்து லிப்டில் ஒட்டியிருப்பதையும் படித்துவிட்டேன், "பழுது" என்று போட்டிருக்கிறது. படிக்காமல் இருந்தபோதும் அது ஓடவில்லை, ஆனால் நாளைக்கு ஓடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

அந்த முகமூடிக்காரர்கள் விஷயம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், நீ செய்யும் வேலையே அதுதானே, கடலுக்கு அடியில் போகிற கேபிள் அறுந்தால் அதில் இருக்கும் முடி போன்ற கண்ணாடி நூலை ஒட்டுகிறவள் நீ. உனக்கே நெட்டைப் பற்றிச் சொல்கிறேன் பார். ஆனாலும் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் பேச்சையும் படத்தையும் பெரிய கம்பெனிகள் ஒளிந்திருந்து பார்க்கின்றன, அதைக் கண்டித்து வருகிற சனிக்கிழமை உலகம் முழுவதும் நெட்டை நிறுத்தப் போகிறோம் என்று முகமூடி போட்ட ஒருவர் பேசிய வீடியோ எல்லோர் போனிலும் வந்தது. உன் அத்தை அதைப் பார்த்துவிட்டு "அவன் கேக்கறதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா நல்லது சொல்றவன் எதுக்கு மூஞ்சிய மூடிக்கறான்?" என்றாள். ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பயம். மளிகைக் கடைக்காரர் போனில் பணம் வாங்க மாட்டேன் என்று அட்டை தொங்கவிட்டார். கீழ்வீட்டு மாணவன் பரீட்சை தள்ளிப்போகும் என்று சந்தோஷமாகத் திரிந்தான். எனக்கு மட்டும் வேறு பயம். நெட் அறுந்தால் உன் கப்பல் கிளம்பும், கப்பல் கிளம்பினால் நீ வீட்டுக்கு வர வாங்கியிருக்கும் விடுமுறை போகும், நீ வரமாட்டாய். அந்த முகமூடிக்காரர் நேரே என் வீட்டுக் கதவைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது.

பயம் தாங்காமல் வகுப்பில் கேட்டேன். கம்பவுண்டர் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வீடு நெட் இழுத்துக் கொடுக்கிற ஒயர்காரரை அடுத்த நாள் கூட்டி வந்தார். அவர் ஏணியோடு வந்தார், அதைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்தார். "பெருசு, ஆஸ்பத்திரியில சீட்டு குடுக்கற ஜன்னல் இருக்குல்ல, அங்க நோயே இல்லாத ஆயிரம் பேர் வந்து வரிசையில நின்னா என்ன ஆகும்? நிஜ நோயாளி உள்ள வர முடியாது. இவங்க செய்யறது அதுதான், ஆளுக்குப் பதிலா கம்ப்யூட்டர அனுப்பி நிக்க வைப்பாங்க" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது, காய்ச்சல் பரவிய வருஷம் வாசலில் கூட்டம் நெரிந்தபோதும் பின்வாசல் வழியாக எங்கள் விரிப்பு வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது. அதைச் சொன்னேன், "அதேதான், ஒரு வாசல அடைக்கலாம், ஒரு பேங்கை ஒரு நாள் படுக்க வைக்கலாம், போர்டை மாத்தி எழுதலாம், உள்ள பூந்து திருடவும் செய்யலாம், அது சின்ன விஷயம் இல்ல. ஆனா உலகம் பூரா எல்லா வாசலையும் ஒரே நேரத்துல அடைச்சு அப்படியே வச்சிருக்கறது ஆகாத காரியம். ஒரு வழி போனா இன்னொரு வழியா போற மாதிரிதான் அதக் கட்டியிருக்காங்க" என்றார். பக்கத்தில் இருந்த பெட்டிக்கடைக்காரர் விடவில்லை, "நிறுத்திட்டா?" என்றார். "நிறுத்திட்டா அவங்க எதுலய்யா பெருமை பேசுவாங்க? அவங்களுக்கும் அதே நெட்தானே" என்றார் ஒயர்காரர். எல்லோரும் சிரித்தோம். ஏணியை எடுக்கும்போது, கடலில் கேபிளை அறுக்கிறது முகமூடிக்காரன் இல்லை, நங்கூரமும் மீன் வலையும்தான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதை நான் அப்போது காதில் சரியாக வாங்கவில்லை, நீ வந்துவிடுவாய் என்ற நினைப்பில் படி ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. காலையில் ஏதோ ஒரு பேங்கும் ரயில் சீட்டு எடுக்கிற இடமும் படுத்துவிட்டதாம், மாலை டீ நேரத்துக்குள் எழுந்துவிட்டதாம், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு முகமூடிக்காரர்கள் ஒரு வீட்டில் நெட்டை முழுசாக நிறுத்தினார்கள், அது நம் வீடு. உன் அத்தை காலையிலேயே போனை அணைத்து, இரண்டு சுற்று துணி சுற்றி, மாவு டின்னுக்குள் வைத்து மூடிவிட்டாள். "அவன் உள்ள வரணும்னா மாவுல நீந்தி வரட்டும்" என்றாள். நீ அன்றைக்குத்தான் துறைமுகத்தில் நல்ல சிக்னல் இருக்கிறது என்று நாள் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்துவிட்டு அவள் மெஷினில் உட்கார்ந்து தைக்காமல் சும்மா மிதித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நானும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் புயல் வந்தது, அதில் எங்கேயோ ஒரு கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போய் இரண்டு கேபிளை அறுத்தது. ஒயர்காரர் இப்போது தெருவில் ஏணியோடு நடக்க முடிவதில்லை, ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். "நெட் நிக்கலீங்க, சுத்து வழியா ஒரு மெல்லிசு ஒயர்ல வருது, தடிசு ஒயரோட பாரத்த எல்லாம் அதுதான் தூக்குது, அதான் திணறுது" என்று எல்லோரிடமும் கும்பிட்டுச் சொல்கிறார். நீயும் பாப்பாவும் பேசும்போது உன் படம் அப்படியே நின்றுவிட்டது உனக்குத் தெரியாது. வாய் பாதி திறந்து, ஒரு கண் பாதி மூடி, நாங்கள் மூன்று பேரும் முதலில் சிரித்தோம். பாப்பா உன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தட்டினாள், "அம்மா, அசையேன்" என்றாள். வெகுநேரம் கழித்து அத்தை போனை வாங்கி வைத்தாள். மறுநாள் சாப்பிடக் கூப்பிட்டேன், பாப்பா கூடத்தின் நடுவில் வாயைப் பாதி திறந்து ஒரு கையைத் தூக்கியபடி சிலை மாதிரி நிற்கிறாள். என்னடா கண்ணு என்றால் உதட்டை அசைக்காமல் "நெட் இல்ல தாத்தா" என்கிறாள். நன்றாகச் சிரித்தோம், கீழ்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். இப்போது சிரிப்பு வருவதில்லை. குளிக்கக் கூப்பிட்டால் நிற்கிறாள், பள்ளி வாசலில் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் வரும்போது நிற்கிறாள். முன்பெல்லாம் அம்மா எப்போ வருவா என்று தினமும் என் உயிரை எடுப்பாள் அல்லவா, இப்போது கேட்பதே இல்லை. அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அத்தை என்னிடம் சத்தியம் வாங்கினாள், வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன்.

நேற்று நீ கூப்பிட்டபோது படம் வரவில்லை, குரலும் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒட்டுகிற ஆள் நீ ஒருத்திதான் இருக்கிறாய், மாற்று ஆள் வந்துசேர நாலைந்து நாள் ஆகும், அதுவரை கப்பல் காத்திருக்கும், மேலாளர் முகத்தைச் சுளிப்பார் ஆனால் விடுமுறையைத் தடுக்க மாட்டார் என்றாய். "அப்பா, எனக்கு ஒண்ணும் புரியல, வரட்டுமா, போகட்டுமா, நீ சொல்றதுதான்" என்றாய். நான் உடனே "நீ போய்ட்டு வா கண்ணு, நாங்க பாத்துக்கறோம்" என்றேன். அதற்குள் லைன் போய்விட்டது. அது உன் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை, விழாமல் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நீ முதல் தடவை கப்பல் ஏறியபோதும் அதைத்தான் சொன்னேன், பிள்ளையின் அப்பன் விட்டுப் போனபோதும் அதைத்தான் சொன்னேன், என் வாய்க்கு அது பழகிவிட்டது, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. பேனா அப்படி இல்லை அம்மா. ஒவ்வொரு எழுத்தாகத்தான் போகிறது, அவ்வளவு மெதுவாக உட்கார்ந்து ஒரு பொய்யை எழுத எனக்கு அலுப்பாக இருக்கிறது.

நேற்று போன் வந்த பிறகு பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பால் வாங்கப் போனேன். திரும்பும்போது அவளுக்குக் கால் வலி, தூக்கிக்கொண்டேன். நாலு மாடி. மூன்றாவது மாடித் திருப்பத்தில் என்னால் முடியவில்லை, அவளை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன், மூச்சு வருகிறவரை சுவரில் தலையைச் சாய்த்து அசையாமல் இருந்தேன். வாய் திறந்திருந்திருக்கும் போல. அவள் எனக்கு முன்னால் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள், என் மூக்கைத் தொட்டாள், பிறகு ரொம்ப மெதுவாக, "தாத்தா, உனக்கும் நெட் இல்லயா?" என்று கேட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அசைகிறவரைக்கும் அவளும் அசையாமல் இருந்தாள். அத்தை மேலிருந்து "பால் வாங்கப் போனீங்களா, மாடு வாங்கப் போனீங்களா?" என்று கத்திய பிறகுதான் எழுந்தோம்.

அப்போதிருந்து ஒயர்காரர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வழி போனால் இன்னொரு வழி இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன் அல்லவா, இந்த வீட்டில் அந்த இன்னொரு வழி நானும் உன் அத்தையும்தான். அவளுக்குக் கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்கப் பாப்பாவைத்தான் கூப்பிடுகிறாள், அதுவும் உனக்குத் தெரியாது. நாங்கள் நின்றுபோகவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் உன் பாரத்தையும் சேர்த்துத் தூக்குகிற மெல்லிசு ஒயர், திணறுகிறோம். நெட் மெதுவாக வந்தால் ஊருக்குக் கஷ்டம்தான், அத்தைக்குப் போனில் வர வேண்டிய தையல் அளவு வரவில்லை, ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் தாமதம் என்று கம்பவுண்டர் சொல்கிறார், நீ ஒட்டுவது சின்ன வேலை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மாற்று ஆள் நாலைந்து நாளில் வருகிறார். இங்கே வருவதற்கு மாற்று ஆள் கிடையாது. நீ போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் போ, எனக்குக் கோபம் வராது, ஆனால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நம்பிக்கொண்டு மட்டும் போகாதே. என்னைக் கேட்டாய் அல்லவா, என் பதில் இதுதான். வா.

சமையல்காரரிடம் அத்தை ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தனுப்புகிறாள், தோள் கொஞ்சம் இறங்கியிருந்தால் கண் தெரியாதவள் தைத்தது என்று போட்டுக்கொள். மழையில் மேல்தளத்தில் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, நோய் நொடி அண்டாமல், கையும் கண்ணும் நன்றாக இருந்து, நீ ஒட்டியது எதுவும் பிரியாமல் நிலைக்கட்டும், அப்பாவின் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. பாப்பா இதன் அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறாள், அது நீயாம், அசைகிற மாதிரி வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறாள். ஒன்று மட்டும் மறக்காதே, கிளம்பும்போது போன் செய்து சொல்லாதே, வழியிலிருந்தும் படம் காட்டிப் பேசாதே. நாலு மாடி ஏறி வந்து கதவைத் தட்டு. பாப்பாவையே திறக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா