மேம்பாலத்தில் அணைந்த வண்டி

மார்ச் 4

வண்டி வந்துவிட்டது. பின்பக்கம் நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்கள். "ஓட்டிப் பார்த்துட்டோம் சார், ஒரு கோளாறும் இல்லை" என்றார் மெக்கானிக்.

கோளாறு இல்லையென்றால் அன்றைக்கு மேம்பாலம் ஏறும்போது அது ஏன் அணைந்தது? டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. ஓரம் கட்டுவதற்குள் பின்னால் வந்த வேன் இடித்தது. பின்சீட்டில் என் மகள். ஏழு மாதக் கர்ப்பிணி. செக்கப் முடித்துக் கூட்டி வந்துகொண்டிருந்தேன்.

குழந்தை தங்கவில்லை.

மார்ச் 6

மகள் வீட்டுக்குப் போனோம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் கதவோடு நின்றேன். "அம்மாடி" என்றேன். திரும்பவில்லை.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை சொன்னார்: "ஒரு நிமிஷம் கண் அசந்திருப்பீங்க மாமா. யாருக்கும் நடக்கிறதுதான்." மரியாதையாகத்தான் சொன்னார். நான் தூங்கலை மாப்பிள்ளை என்றேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் — கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 7

நான் தூங்கினேனா?

மார்ச் 15

எங்கள் கண்ணாடிக் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஒரு எலக்ட்ரீஷியனைப் பிடித்தேன். பழைய வண்டி ஒயரிங் மட்டுமே பார்ப்பவர். சிரிக்காமல் சொன்னார்: "விட்டு விட்டு வர்ற கோளாறு பல்வலி மாதிரி சார். டாக்டரைப் பார்த்ததும் ஓடிடும்."

எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு ஒயராக ஆட்டிப் பார்த்தார். பேட்டரி முனைகளைச் சுரண்டி முறுக்கினார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஒழுங்காக ஓடுகிறதே என்று வயிறெரிந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மார்ச் 22

இன்று டேஷ்போர்டின் மேல் இரண்டு சின்ன பல்புகளை ஒட்டினார். சாவி சுவிட்சுக்கு வருகிற கரண்டில் ஒன்று எரியும். சுவிட்சைத் தாண்டிப் போகிற கரண்டில் மற்றது. "வண்டி அணையறப்போ எது அணையுதுன்னு பாருங்க. அதுவே காட்டிக்கொடுத்துடும்." தினமும் ஓட்டச் சொல்கிறார். அணைந்தாலும் ஆபத்தில்லாத இடமாக, கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலி ரோட்டில்.

மார்ச் 23

அணையவில்லை.

மார்ச் 29

"பொண்ணைப் பார்க்க வாங்கன்னா வர மாட்டேங்கிறீங்க. எந்நேரமும் வண்டிக்குள்ளயே தலையை விட்டுக்கிட்டு" என்றாள் மனைவி.

வெறுங்கையோடு மகள் முன்னால் எப்படிப் போய் நிற்பது? என்னத்தைச் சொல்வது?

ஏப்ரல் 9

மாப்பிள்ளை வந்தார். வண்டியை விற்றுத் தள்ளிவிடலாம் மாமா, பார்க்கப் பார்க்க எல்லோருக்கும் கஷ்டம் என்றார். சரி, கடைசியாக ஒரு தடவை நீங்களே ஓட்டுங்க என்றேன். எனக்காகத்தான் ஏறினார்.

நல்ல வெயில். கிடங்கு ரோட்டில் திரும்பும்போது அணைந்தது.

ஒரு பல்பு எரிந்துகொண்டே இருந்தது. சுவிட்சுக்கு அப்பால் இருந்த பல்பு அணைந்திருந்தது. "திருப்ப முடியலை மாமா" என்றார். உருண்டு போய் ஓரத்தில் தானாக நின்றது. ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, அதிலேயே நெற்றியை வைத்து அழுதார். அந்தப் பையன் இதுவரை அழவே இல்லையாம்.

ஏப்ரல் 10

சுவிட்சைக் கழற்றிப் பிரித்தார் எலக்ட்ரீஷியன். உள்ளே நகமளவு செப்புத் தகடு, கருகித் தேய்ந்திருக்கிறது. சூடேறினால் விட்டுவிடும், ஆறினால் தொட்டுக்கொள்ளும். இவ்வளவுதான். இதுக்குப் போயா.

ஏப்ரல் 11

அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனேன். மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பிரித்துக் காட்டினேன். "இதாம்மா. அப்பா தூங்கலை."

அதை அவள் தொடவில்லை. "நீங்க தூங்கலைன்னு எனக்குத் தெரியுமேப்பா. தொட்டிலை எந்த ஜன்னலோரம் போடறதுன்னு என்கிட்ட பேசிக்கிட்டேதானே வந்தீங்க."

"மாப்பிள்ளைகிட்ட சொல்லலியாம்மா?"

"அன்னைக்கு என்ன நடந்ததுன்னு யாருமே என்கிட்ட கேட்கலையேப்பா."

"அப்புறம் ஏன் என் முகத்தைப் பார்க்கலை?"

"பார்த்தா அழுதிருப்பேன். நான் அழுதா நீங்க தாங்க மாட்டீங்க. அதுக்கப்புறம் நீங்க வரவே இல்லை."

வரவே இல்லைதான். ஒயரைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகவே கிடந்திருக்கிறது. என்ன மனுஷன் நான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதாள். பயந்தபடி நான் உடைந்துவிடவில்லை. உடைந்தாலும்தான் என்ன.

ஏப்ரல் 14

போனேன். சாயங்காலம் வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மே 2

வண்டியை எலக்ட்ரீஷியனே எடுத்துக்கொண்டார். சாயங்காலம் மகள் பஸ்ஸில் கடைக்கு வந்தாள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். துடைத்துக்கொண்டே, குழந்தைக்கு அவர்கள் எடுத்து வைத்திருந்த பெயரைச் சொன்னாள். அம்மாவுக்குக்கூடத் தெரியாதாம்.

நானும் ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இங்கே எழுதவில்லை. நல்ல பெயர்.